மூன்று மணி வரை

பிப்ரவரியில் ஏரி உறைந்துவிடும்.
கிளீவ்லேண்டில் அப்போது ஊர்வது இரண்டுதான்:
உப்புத் தூவும் லாரி,
வதந்தி.

நான் வெண்டெல். அணியின் சலவை அறைக்காரன்.
இருபத்திரண்டு வருஷமாகச் சட்டைகளின் முதுகில்
பெயர் தைக்கிறேன், பெயர் பிரிக்கிறேன்.
தைக்க நாற்பது நிமிஷம்.
பிரிக்க ஒன்பது.

இன்று மூன்று மணிக்குச் சந்தை கலைகிறது.
அதற்குள் யாரைக் கொடுத்தும் யாரையும் வாங்கலாம்.
தொலைக்காட்சியில் ஒருவன், கைக்கொரு போன்,
"கேள்விப்பட்டேன்" என்கிறான்.
கேட்டவனுக்குச் சம்பளம் உண்டு.
சொன்னவனுக்குப் பெயர்கூடக் கிடையாது.

பேச்செல்லாம் எங்கள் பெரிய ஆளைப் பற்றி.
போவானாம். மாட்டானாம்.
ஐந்து வருஷம் கேட்டானாம், நாலில் நிற்கிறார்களாம்.
பொண்டாட்டி மயாமியில் வீடு பார்த்துவிட்டாளாம்.
அவள் பார்த்தது பல் டாக்டரை.
கார் நிறுத்துமிடத்தில் என்னிடம்
வீங்கிய கன்னத்தைக் காட்டினாள்.

யார் வாயிலும் வராத பெயர்
ஃபான்ட்ராய். நாற்பத்தொன்று.
பெஞ்சில் கடைசி நாற்காலி,
ராத்திரிக்கு ஆறு நிமிஷம்,
அதுவும் ஆட்டம் முடிவான பிறகு.
ஆனால் அவன் சம்பளம் இருக்கிறதே,
அது ஒரு அளவான சம்பளம்.
அந்தத் தட்டில் ஒரு நட்சத்திரம் ஏறினால்
இந்தத் தட்டில் முள் நேராக நிற்க
ஒரு கல் வேண்டும்.
கல்லை யாரும் சமைப்பதில்லை.
கல் இல்லாமல் யாரும் விற்பதுமில்லை.

பத்தரை மணிக்கு மாடியிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்தான்,
கோட்டு அவனைவிட ஒரு வயது பெரியது.
"நாற்பத்தொன்று. சாக்ரமெண்டோ.
இன்னும் வெளியே தெரியாது."
கொசுறாக, ஆறு வருஷம் கழித்து வரும்
ஒரு தேர்வுரிமையும் போகிறதாம்.
அந்தத் தேர்வுரிமை இப்போது எங்கோ
ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து
பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டிருக்கும்.

பையைத் திறந்தேன்.
பதினேழாம் நம்பர் ஷூ நாலு ஜோடி.
கணுக்கால் பட்டை. பாதி தீர்ந்த வலித்தைலம்.
லாக்கர் கதவில் மகள் வரைந்த படம்:
வளையத்தைவிட உயரமாக அப்பா,
முதுகில் எண்ணைத் திருப்பிப் போட்டு, பதினான்கு.
கிழியாமல் உரித்தேன்.
பிறகு ஊசிமுனையால் அவன் பெயரில்
முதல் எழுத்து, இரண்டாவது, மூன்றாவது.

இரண்டு ஐம்பத்தாறு.
மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில்
ஒருவன் போனை எடுக்கவில்லை.
அவ்வளவுதான்.
மணி மூன்று. ஒன்றும் நடக்கவில்லை என்பதே
திரையின் அடியில் செய்தியாக ஓடியது.
பெரிய ஆள் தங்கிவிட்டான், ஊர் மூச்சு விட்டது.

ஷூக்களைத் திரும்ப அடுக்கும்போது
வாசலை மறைத்துக்கொண்டு ஆறடி பத்தங்குலம் நின்றது.
மேஜையில் சட்டை, பெயர் பாதியில்.
எலிகூட நம்பாத ஒரு பொய்க்கு நான் வாயைத் திறந்தேன்.
"எங்கே?" என்று மட்டும் கேட்டான்.
"சாக்ரமெண்டோ."
"அங்கே பனி கிடையாதே" என்றான்.

படத்தை வாங்கிக் கதவில் ஒட்டினான்.
பழைய பசை பிடிக்கவில்லை.
நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தியபடி
ரொம்ப நேரம் நின்றான்,
யாரோ சுவர் அந்தப் பக்கம்
சாயாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல.

ஜூன் கடைசியோடு அவன் ஒப்பந்தம் தீர்கிறது.
அந்தப் பையை நான்
மேல் தட்டுக்கு ஏற்றவில்லை.

அன்றிரவு ஆறு நிமிஷம்கூடத் தரவில்லை, இரண்டுதான்.
எழுந்து ஓடினான்.
மூன்று எழுத்தையும் அதே நூலில், அதே துளைகளில்
திரும்பத் தைத்திருந்தேன்.
கேமராவுக்குத் தெரியாது.
இருபதாயிரம் பேருக்குத் தெரியாது.
எனக்கு மட்டும், விளக்கடியில் அவன் திரும்பியபோது,
அந்த மூன்றும் கொஞ்சம்
புதுசாகத் தெரிந்தன.